நஞ்சு வந்த வழி

குரும்பலூர்க் கடைவீதியில் கூட்டம் முடிய இரவு பத்தரை மணி ஆயிற்று. தோழர்கள் ஒலிபெருக்கியை இறக்கிக்கொண்டிருந்தனர்; கொடிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தனர். மேடையை விட்டிறங்கிய என் முன்னே ஒரு முதியவர் வந்து நின்றார். தோளிலே துண்டு, கையிலே ஒரு புட்டி. இரண்டு மணி நேரம் முழங்கிய தொண்டைக்கு யாரோ பரிவோடு சோடா கொண்டுவந்திருக்கிறார் என்றெண்ணிக் கை நீட்டினேன்.

"குடிச்சிடாதீங்க தலைவரே!" என்றார் அவர்.

கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"இது எங்க ஊர்க் கிணத்துத் தண்ணிங்க. பக்கத்துக் காட்டுல ஒரு பழைய கிடங்கு இருக்கு. மருந்து டப்பாவும் பீப்பாயுமாப் போட்டுப் பூட்டிட்டுப் போயிட்டாங்க. பத்து வருசமாச்சு. மழை பேஞ்சா அதுக்குள்ளேருந்து தண்ணி ஓடியாருது. இப்பக் கிணத்துல ஒரு வாடை அடிக்குது. இதைக் குடிக்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க போதும்."

"யாரிடமாவது முறையிட்டீர்களா, பெரியவரே?"

"ஒரு ஆபீசுல எழுதிக் கொடுத்தேங்க. 'இதுவரைக்கும் எத்தனை பேரு செத்திருக்காங்க?'ன்னு கேட்டாங்க. யாரும் சாகலீங்கன்னேன். 'அப்புறம் என்னய்யா?'ன்னு அனுப்பிட்டாங்க."

அந்த அலுவலகம் எது என்பதை நான் எழுதப்போவதில்லை. ஓர் அலுவலகத்தின் கேள்வியா அது? நாடெங்கும் நாற்காலிகள் கேட்கின்ற கேள்வியல்லவா அது! இத்தாலியைப் பற்றியும் இங்கர்சாலைப் பற்றியும் மேடையிலே இரண்டு மணி நேரம் பேசிய எனக்கு, அந்த ஏழை உழவனின் ஒரு வரிக் கேள்விக்கு விடை சொல்லத் தெரியவில்லை. கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். அதனால் விடை தெரியவில்லை என்று சொல்லித் தப்பலாம். முழுதும் படித்துப் பட்டம் பெற்றவர்களும் அந்தக் கேள்விக்குப் பிணக்கணக்கைத்தானே பதிலாகக் கேட்டார்கள்! ஆகவே, தோழர்களே, ஊர் திரும்பியதும் நூல்களைப் புரட்டினேன், அறிந்தவர்களை அணுகினேன், தீர்ப்புகளைப் படித்தேன். கற்றதை இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் முன் வைக்கிறேன்.

* * *

"எத்தனை பேர் செத்தார்கள்?"

கேட்பதற்கு இது அறிவுள்ள கேள்வி போலத்தான் தோன்றும். சான்று கேட்பது குற்றமா? அன்று, சான்று கேட்பதே பகுத்தறிவு. ஆனால் எந்தச் சான்று, எப்போது கிடைக்கும், எவ்வளவு விலைக்குக் கிடைக்கும் என்று கேட்பதும் பகுத்தறிவுதானே!

2017ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். நம் பெரம்பலூர் மாவட்டத்துப் பருத்திக் காடுகளிலே பூச்சிமருந்து தெளித்த உழவர்கள் சிலர், நச்சுக் காற்றை உள்ளிழுத்து மாண்டனர். அதே பருவத்தில் மராட்டியத்து யவத்மால் மாவட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட உழவர்கள் அவ்வாறே மடிந்தனர். அங்கே எண்ண முடிந்தது. ஏன்? தெளித்தது இன்று, துடித்தது நாளை, மடிந்தது மறுநாள். காரணமும் காரியமும் கைகோத்து நின்றன.

மண்ணிலே கிடக்கும் நஞ்சு அப்படி நடப்பதில்லை. அது பொறுமைசாலி. மழையோடு கரையும், மண்ணுக்குள் இறங்கும், கிணற்றைத் தேடிச் செல்லும், குடத்திலே ஏறும், குழந்தையின் வயிற்றிலே குடியேறும். பத்தாண்டு, இருபதாண்டு கழித்துச் சிறுநீரகத்திலோ நரம்பிலோ நுரையீரலிலோ தன் முகத்தைக் காட்டும். அப்போது மருத்துவச் சீட்டிலே நோயின் பெயர் இருக்கும். நஞ்சின் பெயர் இருக்காது!

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஆயிரம் பேரில் ஒருவருக்கு வருகின்ற நோய் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாயிரம் பேர் வாழும் சிற்றூரில் இயல்பாகவே இரண்டு பேருக்கு அந்நோய் இருக்கும். நஞ்சினால் அது இரட்டிப்பாகி நான்கு பேருக்கு வந்துவிட்டது. ஊர் அலறுகிறது. புள்ளியியல் படித்தவர் வருகிறார், கணக்கைப் பார்க்கிறார், "இரண்டு நான்கானது தற்செயலாகவும் இருக்கலாம், உறுதியாகச் சொல்வதற்கில்லை" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஊர் சிறியது, அதனால் சான்றும் சிறியது. ஆனால் அவர் சொன்ன "உறுதியாகச் சொல்வதற்கில்லை" என்பது, மேசைக்கு மேசை தாண்டி மேலே போகும்போது என்னவாக மாறுகிறது தெரியுமா? "பாதிப்பு ஏதுமில்லை" என்று மாறிவிடுகிறது! தெரியவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு. இந்த இரண்டுக்கும் இடையிலேதான் எத்தனையோ சிற்றூர்கள் புதைக்கப்பட்டிருக்கின்றன.

திருவாரூரிலே ஆராய்ச்சி மணியை அசைத்த பசுவின் கதையை நம் வீட்டுக் குழந்தையும் அறியும். மனுநீதிச் சோழன் வெளியே வந்து, "இதுவரை எத்தனை கன்றுகள் செத்தன? பத்துக்கு மேற்பட்டால் விண்ணப்பம் கொடு" என்றா கேட்டான்?

* * *

பின் என்னதான் கேட்க வேண்டும்? 1854ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் ஒரு மருத்துவர் அதைக் காட்டினார்.

சோகோ என்ற பகுதியிலே வாந்திபேதி வாரிக்கொண்டு போகிறது. நோயைத் தருவது கெட்ட காற்று என்று பெரியவர்கள் எல்லாம் நம்பிய காலம். கிருமியைக் குற்றவாளிக் கூண்டிலே காக் என்ற அறிஞர் நிறுத்துவதற்கு அதன்பிறகு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. ஜான் ஸ்னோ என்னும் அந்த மருத்துவர் வீடு வீடாக நடந்தார். இறந்தவர்கள் எங்கே வாழ்ந்தனர், எங்கே நீர் எடுத்தனர் என்று கேட்டார். வரைபடத்திலே குறித்தார். குறிகள் எல்லாம் பிராடு தெருவின் ஓர் அடிகுழாயைச் சுற்றி மொய்த்து நின்றன. அவர் சொல் கேட்டு அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்றினார்கள்.

கவனியுங்கள், தோழர்களே! எந்தக் கிருமி என்று அவருக்குத் தெரியாது. எப்படிக் கொல்கிறது என்று முழுவதும் தெரியாது. எந்த வழியாக வருகிறது என்று தெரிந்தது. வழியை அடைத்தார்.

நூறாண்டு கழித்து, ஜப்பான் நாட்டில் இதற்கு நேர்மாறான காட்சி நடந்தது. மினமாட்டா விரிகுடாவின் கரையிலே சிஸ்ஸோ என்ற இரசாயன ஆலை. அதன் கழிவிலே பாதரசம். கடலிலே கலந்து, மீனிலே சேர்ந்து, மீனவர் வீட்டுத் தட்டிலே வந்து விழுந்தது. 1956 மே முதல் நாள், விளங்காத நரம்பு நோய் ஒன்று பரவுகிறது என ஆலையின் மருத்துவமனையிலிருந்தே அறிவிப்பு வந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் மீன்மீது ஐயம் விழுந்துவிட்டது. மறு ஆண்டு, அந்த விரிகுடாவில் மீன்பிடிப்பதைத் தடுக்கலாமா என்று மாநில ஆட்சி கேட்டபோது, நடுவண் அமைச்சகம் சொன்ன பதிலின் சாரம் என்ன தெரியுமா? அந்த விரிகுடாவின் மீன்கள் எல்லாமே நஞ்சேறியவை என்பதற்குத் தெளிவான சான்று இல்லையாம்!

ஒவ்வொரு மீனும் வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும் போலும்!

1959இல் ஆலையின் மருத்துவர் ஹொசொகாவா, ஆலைக் கழிவைப் பூனைக்கு ஊட்டிப் பார்த்தார். 400ஆம் எண்ணிட்ட அந்தப் பூனை, ஊர் மக்களைப் போலவே வலிப்புக் கண்டு துடித்தது. முடிவை வெளியே விடாமல் ஆலை மறைத்தது. நோய்க்குக் காரணம் ஆலைதான் என்று ஜப்பானிய அரசு ஒப்புக்கொண்டது 1968இல். பன்னிரண்டு ஆண்டுகள்! பன்னிரண்டு ஆண்டுகளும் நஞ்சு கடலிலே கலந்துகொண்டே இருந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை நோயாளிகள் என்று அரசே பின்னர்ச் சான்றளித்தது. கேட்ட சான்று கிடைத்துவிட்டது. ஆனால் எவ்வளவு விலைக்கு!

* * *

"அது ஜப்பான், இது தமிழ்நாடு" என்பீர்களா? வாருங்கள், இராணிப்பேட்டைக்குப் போவோம்.

தோல் பதனிடத் தேவையான குரோமிய உப்புகளைச் செய்தது தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற ஆலை. 1975 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓடியது. தொண்ணூறுகளின் நடுவிலே மூடிக்கொண்டது. ஆலை போயிற்று, அது ஈன்ற குழந்தை போகவில்லை. இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு அங்கேயே குவிந்து கிடந்தது. மழைக்கு மழை மஞ்சள் நீராக வழிந்து நிலத்தடியில் இறங்கியது. அறுவலு குரோமியம் என்று அறிவியலார் பெயரிட்டுள்ள அந்த நஞ்சு, தூசாக மூக்கிலே ஏறினால் மூக்கின் நடுச்சுவரையே துளைக்கும். நாள்பட நுரையீரலில் புற்றுநோயைத் தரும். உலகிலே மிகவும் மாசுபட்ட பத்து இடங்கள் என்று அமெரிக்க அமைப்பு ஒன்று 2006இல் வெளியிட்ட பட்டியலில், செர்னோபிலோடு சேர்ந்து நம் இராணிப்பேட்டையும் இடம் பெற்றது. எத்தனை பெருமை! ஆலை மூடிக் கால் நூற்றாண்டு கடந்த பின்னும் அந்தக் குவியல் அசையவில்லை. ஆட்சிகள் மாறின. அமைச்சர்கள் மாறினர். வேலூர் மாவட்டம் பிரிந்து 2019இல் இராணிப்பேட்டையே தனி மாவட்டமாயிற்று. குவியல் மட்டும் மாறவில்லை!

இனிக் கோடைக்கானலுக்கு ஏறுவோம். அமெரிக்காவில் ஓடிய வெப்பமானி ஆலை ஒன்று, 1983இல் நம் மலைக்கு இடம் பெயர்ந்தது. 1987க்குப் பின் இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில், பாதரசம் கலந்த ஏழு டன்னுக்கும் மேற்பட்ட கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையிலே கிடப்பதை மக்கள் ஊரறியக் காட்டினர். ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. ஆம், கழிவு தாயகம் திரும்பியது! ஆனால் தொழிலாளியின் உடலிலே ஏறியதற்கு எந்தக் கப்பல்?

அங்கேதான் நம் கேள்வியின் கொடுமை விளங்கும். தொழிலாளர் உடல்நலத்துக்குக் கேடில்லை என்று கூறும் ஆய்வுகளை நிறுவனம் அடுக்கிக் காட்டியது. 2011இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் சார்பில் நடந்த ஆய்வோ, பணியிடத்துப் பாதரசத்தால் தொழிலாளர் பலர் நோயுற்றனர் என்றது. ஒரே ஆலை, ஒரே தொழிலாளர், இரண்டு முடிவுகள்! 2016 மார்ச்சில், 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாடு கண்டது. அதையும் மனிதாபிமான உதவி என்றே சொல்லிக்கொண்டது. பதினைந்து ஆண்டுகள்! ஆலையின் மண்ணைத் துப்புரவாக்கும்போதும் அதே வழக்கு: ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்று அளவு வகுத்தார்கள். பாம்பார்ச் சோலைக்கு மேலே, காட்டின் விளிம்பிலே இந்த அளவு மிகுதி என்று போராடியவர்கள் வாதாடினார்கள்.

அளவை வகுத்தவர் யார்? அந்த மண்ணிலே வாழப்போகிறவர் யார்? இருவரும் ஒரே மேசையிலே உட்கார்ந்தார்களா? இதுதான் அரசியல், தோழர்களே. இது வெறும் இரசாயனம் அன்று!

* * *

நாடகம் எழுதிப் பிழைப்பவன் நான். ஆகவே அறிஞர்கள் சொன்னதை என் பாணியிலே சொல்கிறேன்.

மாசுபட்ட நிலத்தால் மக்களுக்கு என்ன ஆபத்து என்று அளக்கும் கலைக்கு மூன்று பாத்திரங்கள் போதும். ஒன்று, நஞ்சு. இரண்டு, அது வருகின்ற வழி. மூன்று, அதை உண்ணும், குடிக்கும், முகரும் ஆள். மூன்றும் ஒரே மேடையிலே சந்தித்தால்தான் நாடகம் நடக்கும். பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் நஞ்சு இருக்கிறது, வழி இல்லை, அஞ்ச வேண்டாம். நஞ்சு மண்ணிலே கிடக்கிறது, மழை பெய்கிறது, கீழே கிணறு இருக்கிறது, கிணற்றிலே வாளி இறங்குகிறது; இனி எவர் செத்தார் என்று கேட்பானேன்? திரை தூக்கப்பட்டுவிட்டது!

அடுத்து, எவ்வளவு என்ற கேள்வி. இந்தியத் தரநிலைப்படி ஒரு லிட்டர் குடிநீரில் குரோமியம் 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது. ஒரு கிணற்றிலே அதன் பத்து மடங்கு, அதாவது 0.5 மில்லிகிராம் இருப்பதாகக் கொள்வோம். அறுபது கிலோ எடையுள்ள ஆள் இரண்டு லிட்டர் குடித்தால், உடலின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறுவது 0.017 மில்லிகிராம். பத்துக் கிலோ எடையுள்ள பிள்ளை ஒரே ஒரு லிட்டர் குடித்தால் ஏறுவது 0.05. ஆம்! பாதி நீர் குடித்த பிள்ளைக்கு மூன்று மடங்கு நஞ்சு!

இன்னொன்றும் சொல்கிறேன். உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு அளவு வகுக்கும்போது கணக்கில் கொள்ளும் ஆள் யார்? அறுபது கிலோ எடை, நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் நீர். நிழலிலே வாழும் ஆள் அவர்! சித்திரை வெயிலிலே சின்ன வெங்காயம் அறுக்கும் குரும்பலூர்த் தாய் இரண்டு லிட்டரோடு நிறுத்துவாளா? வரப்பிலே வைத்த குடம் உச்சிப்பொழுதுக்குள் காலியாகிவிடுமே! நான்கு லிட்டர், ஐந்து லிட்டர் குடித்தால்தானே அவள் மாலையில் வீடு திரும்ப முடியும்! எடையோ நாற்பத்தைந்து கிலோ. புத்தகத்து மனிதருக்குப் பாதுகாப்பான அளவு, புழுதியிலே நிற்கும் இந்தத் தாய்க்கும் பாதுகாப்புத்தான் என்று யார் சொல்வது? அவளைக் கேட்காமல், அவள் குடத்தை அளக்காமல், நகரத்திலிருந்து வரும் எந்தக் கணக்கும் முழுக் கணக்கு ஆகாது.

இதனால்தான் சொல்கிறேன்: மக்கள் கொடுக்கும் தகவல் அறிவியலுக்குப் புறம்பானதன்று, அறிவியலின் முதல் அதிகாரமே அதுதான்.

அமெரிக்காவின் நயாகரா அருவிக்கு அருகே லவ் கால்வாய் என்ற இடம் உண்டு. ஏறத்தாழ 21,000 டன் இரசாயனக் கழிவைப் புதைத்து மண் மூடி, 1953இல் ஒரே ஒரு டாலருக்குப் பள்ளிக்கூட வாரியத்திடம் விற்றது ஹூக்கர் என்னும் நிறுவனம். அதன்மேல் பள்ளி எழுந்தது, சுற்றிலும் வீடுகள் எழுந்தன. 1978இல் லோயிஸ் கிப்ஸ் என்ற இளந்தாய் கதவு கதவாகத் தட்டினார். எந்த வீட்டில் கருச்சிதைவு, எந்த வீட்டில் குறையோடு குழந்தை என்று குறித்தார். வரைபடத்திலே பார்த்தபோது, தூர்ந்துபோன பழைய நீரோடைகளின் தடத்திலே நோய் வரிசை வரிசையாக நின்றது. அடுப்படிப் பெண்களின் கணக்கு என்று அதிகாரிகள் எள்ளினர். பின்னர் அரசின் ஆய்வாளர்களே, நீர்த்தடம் இருந்த வீடுகளில் கருச்சிதைவு மிகுந்திருப்பதைக் கண்டனர். குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன, 1980இல் நஞ்சிட்டவனே செலவை ஏற்க வேண்டும் என்ற சட்டம் அந்நாட்டிலே பிறந்தது. அந்தத் தாய் வேதியியல் படித்தவர் அல்லர். தன் தெருவைப் படித்தவர்!

* * *

நம் நாட்டிலே சட்டம் இல்லையா? உண்டு, தோழர்களே! தூங்குகிறது, நாம்தான் எழுப்ப வேண்டும்.

இராசத்தானத்துப் பிச்சரி என்ற சிற்றூரில் கிணறுகள் நிறம் மாறின. மனிதர் மட்டுமல்ல, மாடும் குடிக்க முடியாத நீராயிற்று. 1996 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள், வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள் பற்றிய வழக்கிலே இன்னொரு கோட்பாட்டையும் நம் நாட்டுச் சட்டமாக நிலைநாட்டியது: கேடு வரும் என்று தோன்றினால், முழுச் சான்று இல்லை என்பதைச் சாக்காக வைத்துத் தடுப்பு வேலையைத் தள்ளிப்போடக் கூடாது, கேடில்லை என்று மெய்ப்பிக்க வேண்டிய சுமை தொழில் நடத்துபவன் தலைமேல்! "எத்தனை பேர் செத்தார்கள்?" என்ற கேள்விக்கு நாட்டின் தலைமை நீதிமன்றம் அன்றே விடை சொல்லிவிட்டது. நாற்காலிகளுக்குத்தான் இன்னும் செய்தி எட்டவில்லை!

இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. 2025 ஜூலையில், மாசுபட்ட நிலங்களைக் கையாள்வதற்கென்றே மத்திய அரசு விதிகளை வெளியிட்டது. ஐயத்துக்குரிய நிலங்களை உள்ளாட்சியோ மாவட்ட நிருவாகமோ பட்டியலிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். வாரியம் 90 நாட்களில் முதல்நிலை ஆய்வை முடிக்க வேண்டும். நஞ்சு மிகுதியென்றால் அதை ஊரறிய அறிவிக்க வேண்டும், அங்கே புழக்கத்தைக் கட்டுப்படுத்த வேண்டும், பொறுப்பாளியைக் கண்டுபிடித்து அவனிடமே செலவை வாங்க வேண்டும். நல்லது, வரவேற்போம்.

குறை இல்லையா? இருக்கிறது. நாடெங்கும் 103 இடங்கள் கண்டறியப்பட்டிருந்த அந்த வேளையிலே, சீரமைப்பு தொடங்கியது ஏழே இடங்களில்தான். கண்டுபிடிக்க நாள் குறித்த விதி, துப்புரவை முடிக்க நாள் குறிக்கவில்லை. சுரங்கத் தொழிலால் வரும் மாசு வேறு சட்டங்களின் பொறுப்பு என்று ஒதுக்கிவிட்டது. சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் நிறைந்த அரியலூர்ச் சீமைக்கு இது சிறிய செய்தியா? நம் மன்றங்களிலும் சட்டமன்றத்திலும் எழுப்ப வேண்டிய கேள்விகள் இவை. எந்தக் கட்சி ஆண்டாலும் எழுப்ப வேண்டும். நம் கட்சியே ஆண்டாலும் எழுப்ப வேண்டும். நஞ்சுக்குக் கட்சிக் கொடி தெரியாது!

* * *

மறுப்புரை இருக்கும், அறிவேன். "இப்படிப் பேசினால் தொழில் வராது. பெரம்பலூருக்கு இப்போதுதான் ஆலைகள் வரத் தொடங்கியிருக்கின்றன, அதையும் விரட்டாதே" என்பார்கள். எறையூர்ச் சிப்காட்டிலே 2023இல் காலணி ஆலை திறந்தபோது மகிழ்ந்தவர்களிலே நானும் ஒருவன். வானம் பார்த்த பூமியிலே பிறந்த பெண்களுக்கு மாதச் சம்பளம் வருகிறதென்றால் அதைவிட இனிய செய்தி வேறென்ன? எவர்மீதும் நான் குற்றம் சாட்டவில்லை. ஆனால் ஆலை வரும் நாளிலேயே சுற்றுப்புறக் கிணறுகளின் நீரை அளந்து எழுதி வைத்துவிட்டால், நேர்மையாகத் தொழில் நடத்துபவருக்கு அதுவே கவசம். நாளை வீண்பழி வந்தால், "அன்றைய கணக்கு இது, இன்றைய கணக்கு இது" என்று காட்டலாம். அளவுகோலுக்கு அஞ்சுகிறவர் யார்? எடை குறைக்கிறவர்தான்!

இதைவிடக் கூர்மையான மறுப்பொன்று உழவரிடமிருந்தே வரும். "ஊர்த் தண்ணீர் நஞ்சு என்று பேச்சுக் கிளம்பினால், எங்கள் வெங்காயத்தை யார் வாங்குவார்? பருத்தியை யார் எடுப்பார்? பெண்ணை யார் கட்டுவார்?" இந்த அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். அந்த முதியவரும் தம் ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொண்டார். நான் எழுதவில்லை. வதந்தி, நஞ்சைப் போலவே வாழ்வைக் கெடுக்கும், அதையும் அறிவேன். ஆனால் வதந்தியை விரட்டும் மருந்து மௌனம் அன்று, அளவு! எந்தக் கிணறு கெட்டது, எது கெடவில்லை என்று அளந்தால், ஒரு கிணற்றை மூடி ஊரைக் காப்பாற்றலாம். அளக்காவிட்டால் ஊர் முழுவதன் மீதும் ஐயம் விழும். ஆற்று நீர் அரிதான மாவட்டம் நம்முடையது. மேற்கே பச்சைமலை மழையைப் பிடித்துத் தந்தால், அதைக் கிணற்றிலே வாங்கிப் பிழைக்கிறோம். கிணறு போனால் நமக்கு வேறு ஆறு இல்லை!

* * *

ஆகவே, தோழர்களே, கைதட்டியது போதும். ஒரு வேலை தருகிறேன்.

ஒவ்வொரு கிளையும் ஒரு குறிப்பேடு வாங்கட்டும். படிப்பகத்திலே அது தொங்கட்டும். உங்கள் எல்லைக்குள் மூடிக் கிடக்கும் பட்டறை எது, பழைய மருந்துக் கிடங்கு எது, கழிவைக் கொட்டிய பள்ளம் எது என்று எழுதுங்கள். அங்கிருந்து மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, அந்தப் பக்கத்திலே எத்தனை கிணறு, யார் குடிக்கிறார்கள், எத்தனை பிள்ளைகள், எந்த ஆடு மாடு என்று எழுதுங்கள். பாட்டிமாரைக் கேளுங்கள், மூடிப்போன வாய்க்கால் எங்கே ஓடியது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். குரும்பலூரிலேயே அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. வேதியியல் பயிலும் தம்பி தங்கையரைத் துணைக்கு அழையுங்கள். நான் முடிக்காமல் விட்ட படிப்பை அவர்கள் முடித்து ஊருக்குப் பயன்படுத்தட்டும்.

நீரைச் சோதனைக்குக் கொடுக்கும்போது, "தண்ணீரைப் பாருங்கள்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். உப்பையும் கடினத்தன்மையையும் பார்த்துவிட்டு நல்ல நீர் என்று தாள் வரும். ஐயம் பூச்சிமருந்து என்றால் பூச்சிமருந்து எச்சம், உலோகம் என்றால் இன்ன உலோகம் என்று எழுத்திலே கேளுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் கேளுங்கள். அந்தப் பட்டியலைக் கிராம சபையிலே தீர்மானமாக்குங்கள். பேரூராட்சி மன்றத்திலே வையுங்கள். ஆட்சியருக்கும் வாரியத்துக்கும் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். 90 நாள் கழித்துக் கேளுங்கள். விடை வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேளுங்கள். ஆய்வு முடியும் வரை அந்த ஊருக்கு வேறு குடிநீர் கேளுங்கள். அதுதான் கைப்பிடியைக் கழற்றுவது! துப்புரவுக்கு ஆண்டுகள் ஆகலாம். கைப்பிடியைக் கழற்ற ஒரு நாள் போதும்.

"எத்தனை பேர் செத்தார்கள்?" என்று எவரேனும் கேட்டால், அந்தக் குறிப்பேட்டை நீட்டி இப்படிச் சொல்லுங்கள்: "நஞ்சு இங்கே இருக்கிறது, வழி இது, குடிப்பவர் இவர்கள். சாகவில்லை, அதனால்தான் வந்திருக்கிறோம்!"

அந்த முதியவரின் புட்டி இதை எழுதும்போது என் மேசைமேல் இருக்கிறது. சோதனைச்சாலைக்கு அது உதவாதாம். பழைய சோடாப் புட்டியில் கண்டபடி முகந்த நீர். கலத்தையே முறைப்படி கழுவி, நாளும் இடமும் குறித்து, மீண்டும் எடுக்க வேண்டுமாம். அடுத்த வாரம் நானே போகிறேன், அவரோடு அந்தக் கிணற்றங்கரைக்கு. இந்த முறை பேசுவதற்காக அல்ல.

"குடிக்கலாமா, கூடாதா?" என்றார் அவர். "தெரிகிற வரையில் குடிக்காதீர்கள், தெரிகிற வரையில் வேறு நீர் தருவது எங்கள் பொறுப்பு" என்று அன்றிரவே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்று சொல்கிறேன். நாட்டை ஆள்கின்றவர்களும் அதைச் சொல்ல வைப்போம்!